இரண்டாம் அருவியில் நின்றவர்

அக்டோபர் கடைசியில் அந்தக் கிரேக்க மலைப் பள்ளத்தாக்கில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். கல்பாலத்தை ஒட்டிய தன் சிறிய கடையில் மிர்சினி பாதி மேசைகளை மடித்து உள்ளே அடுக்கிவிட்டாள். மழை விட்ட மத்தியானம். ஆற்றோரத்து மரங்கள் பழுத்த இலைகளைத் தண்ணீரில் உதிர்த்துக்கொண்டிருந்தன. ஈர மண்ணும் அழுகும் இலையும் கலந்த வாசனை கடைக்குள் வரை வந்து உட்கார்ந்திருந்தது.

அருவிகளுக்குப் போகும் பாதையிலிருந்து ஓர் இளம் ஜோடி நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தது.

"அக்கா, சூடா ஏதாவது கிடைக்குமா?"

"பீன்ஸ் சூப் இருக்கு. உக்காருங்க. இப்படி நனைஞ்சிருக்கீங்களே, அருவிக்குள்ளயே போயிட்டீங்களா?"

"மூணாவது அருவிகிட்ட வழி தப்பிட்டோம்க்கா. நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் நின்னாரு. அவர்தான் கை காட்டினாரு" என்றாள் அந்தப் பெண்.

மிர்சினியின் கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றது.

"யாரு?"

"தாடி வச்சு, நீலச் சட்டை போட்டிருந்தாரு. 'கீழே கடையில என் சம்சாரம் மிர்சோகிட்ட சொல்லுங்க, இறங்கி வந்துட்டே இருக்கேன்'னாரு. மிர்சோ நீங்கதானே?"

மிர்சோ என்று அவளைக் கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

"ஒண்ணு மட்டும் புரியலக்கா" என்றான் பையன், அவள் வைத்த சூப் கிண்ணத்தில் கையைச் சூடேற்றியபடி. "அங்க சாரல் ஊசி மாதிரி அடிக்குது. எங்களுக்கு உள்ளாடை வரைக்கும் நனைஞ்சு போச்சு. அவர் மேல ஒரு சொட்டு ஈரம் இல்ல."

அவள் கணவன் நிகிதாஸ் மேலே போனது இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு. வெள்ளத்தில் பாதையில் சாய்ந்த மரங்களை அறுக்க ரம்பத்தோடு போனான். ரம்பம் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. முக்குளிப்போர் ஒவ்வொரு மடுவிலும் இறங்கித் தேடிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள். புதைக்க உடம்பில்லாமல் பாதிரியார் பூசை மட்டும் செய்து வைத்தார்.

அதன் பிறகு தினமும் கடையைச் சாத்தியதும் பாலத்தின் நடுவில் நின்று ஆற்றோடு பேசுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. கூரை ஒழுகுவதைச் சொல்வாள். பேச்சுத் துணைக்கு நாதியில்லை என்பாள். கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொல்வாள்: "ஒரு தடவையாவது வந்துட்டுப் போயேன்."

மறுநாள் ரொட்டி வண்டி வந்தது. ஓட்டுநர் ஆர்கிரிஸ், நிகிதாஸின் பால்யகாலச் சினேகிதன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். வாய் ஓயாதவன்.

"என்ன மிர்சினி, மூஞ்சி இப்படித் தொங்குது? இந்த ஊர்ல மிச்சம் இருக்கறது நாலு கிழடுங்க, ஒரு கழுதை, அப்புறம் நீ. கழுதைகூட என்னைப் பார்த்தா சிரிக்குது."

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆர்கிரிஸ் சிரிக்கவில்லை. ரொட்டிக் கூடையை இறக்கி வைத்தான்.

"மேல போகாதே."

"ஏன்?"

"தேடப் போன அன்னிக்கு மூணாவது அருவிக்குப் பின்னால ஒரு குரல் கேட்டுச்சு. 'நிகிதா, கால் வழுக்கிடுச்சு, கை குடு'ன்னு. அது உன் குரல், மிர்சினி."

"நான் அன்னிக்குப் பாலத்துலதானே நின்னேன்."

"ஆமா. அதனாலதான் திரும்பிப் பார்க்காம ஓடி வந்துட்டேன். நிகிதாஸும் இதே குரலைத்தான் கேட்டிருப்பான். அப்ப நீ எங்க இருக்கேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? உன் குரலை நம்பித்தான் உன் புருஷன் செத்தான்னா?"

அடுத்த நாள், ரொட்டி வண்டி வருவதற்கு முன்னால், ஒருத்தி வந்தாள். முதுகில் பெரிய பையோடு தனியாக நடக்கும் ஜெர்மன்காரி. கிரேக்க மொழியில் நன்றி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. காசைக் கொடுத்துவிட்டு, மேலே கைகாட்டி இரண்டு விரலை நீட்டினாள். இரண்டாம் அருவி. பிறகு ஒப்பிக்கிற குழந்தைபோலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்:

"மிர்சோ, பாதி வழி வந்துட்டேன்."

அவள் போனதும் மிர்சினி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு வருடமாக எதிர் நாற்காலி காலியாகக் கிடக்க, தனியாகத் தின்று தீர்த்த சாப்பாட்டின் முன்னால் அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. பாதையில் ஏறினாள்.

பாறைகளில் வழிகாட்டும் சிவப்புப் பூச்சு மங்கிக் கிடந்தது. நிகிதாஸ் பூசியது. இரண்டு பக்கமும் பெரணிச் செடிகள் ஈரமாகக் கைகளைத் தடவின. முதல் அருவியைத் தாண்டியதும் மரங்கள் நெருங்கி, பகல் வெளிச்சம் பச்சையாக, மங்கலாக, மடுவின் அடியில் இருப்பதுபோல ஆனது. மேலே இரண்டாம் அருவியின் இரைச்சல் வளர்ந்துகொண்டே வந்தது. கடைசித் திருப்பத்தில் காதை அடைத்தது.

திருப்பத்தைக் கடந்தாள்.

இரைச்சல் நின்றது.

தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அருவிக்கு முதுகைக் காட்டி நிகிதாஸ் நின்றிருந்தான். மடுவின் அந்தப் பக்கம். நீலச் சட்டை. சாரல் அவனைச் சுற்றிப் புகைபோல எழும்பியது. தலைமுடி காய்ந்து, காற்றே இல்லாத இடத்தில் மெல்ல அசைந்தது.

"நிகிதா..."

"மிர்சோ."

அவனுடைய குரல். அதே கரகரப்பு.

"எங்க போயிருந்தே இத்தனை நாளா?"

"கூரை ஒழுகுது" என்றான் அவன். "வடக்கு மூலையில."

"தெரியும். நான் அதைக் கேக்கல."

"பேச்சுத் துணைக்கு நாதியில்ல. சாயங்காலமானா சுவரைத்தான் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்."

குரல்தான் அவனுடையது. வார்த்தைகள் அவளுடையவை. பாலத்தில் நின்று அவள் ஆற்றில் போட்டவை. எந்த இடத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்ததோ, அந்த இடத்தில் அவனும் நிறுத்தினான்.

"ஒரு தடவையாவது வந்துட்டுப் போயேன்" என்றான் நிகிதாஸ், கையை நீட்டி.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் கால்கள் முன்னால்தான் போயின. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பிறகு முழங்காலை. குளிரவே இல்லை.

அப்போது அருவிக்குப் பின்னாலிருந்து ஆர்கிரிஸின் குரல் கேட்டது. இதமாக, பொறுமையாக. "பயப்படாதே மிர்சினி. நானும் இங்கதான் இருக்கேன். உன்னை இனிமே யாரும் தனியா விடமாட்டோம்."

அதே சமயம் கீழே பாதையிலிருந்தும் ஆர்கிரிஸின் குரல் கேட்டது.

"அடியே கழுதை! அடுப்பை அணைக்காம எங்கடி போய்த் தொலைஞ்சே? சூப் கருகி ஊரே நாறுது!"

அவள் அப்படியே நின்றாள். இந்த இரண்டு வருடத்தில் ஆற்றிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறாள். கருகின சூப்பை ஒரு நாளும் கேட்டதில்லை. தான் ஆசைப்படாததைச் சொல்கிற குரல் உயிருள்ள மனிதனுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

திரும்பினாள்.

இரைச்சல் பலமான அடிபோல முதுகில் வந்து விழுந்தது. தண்ணீரின் குளிர் எலும்பைக் கடித்தது. ஆர்கிரிஸ் சறுக்கி விழுந்து எழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் பின்னால் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவளை வண்டியில் ஏற்றிக் கலாமாட்டாவில் அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கடலோர ஊர், ஆற்றுச் சத்தம் எட்டாத அடுக்குமாடி. குளிர்காலம் முழுக்க ரொட்டி விநியோகம் முடிந்ததும் போன் பண்ணுவான்.

"கழுதை உன்னை விசாரிச்சுது."

"நான் அதை விசாரிச்சதாச் சொல்லு. உன்னைவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி."

அவள் சிரிக்கப் பழகியிருந்தாள். அவன் குரலில்தான் உற்சாகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அவன் பேச்சுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்கேருந்து பேசறே?"

"பாலத்துலதான். சும்மா ஒரு சிகரெட் பிடிக்க நிறுத்தினேன். உன் கடை சாத்திக் கிடக்கறதைப் பார்த்தா ஒரு மாதிரியா இருக்கு, மிர்சினி. நீ பக்கத்துல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டினாக்கூட நல்லாயிருக்கும்."

"ஆர்கிரிஸ், அங்க நின்னு அப்படியெல்லாம் பேசாதே."

"உன்கிட்டதானே பேசறேன்."

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், தங்கையின் பால்கனியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எப்ப வந்தே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" ஆர்கிரிஸுக்கு மூச்சு வாங்கியது. மேடேறுகிற மூச்சு. அவனுக்குப் பின்னால் அருவியின் இரைச்சல்.

"எங்க வந்தேன்?"

"விளையாடாதே. இப்பதானே மேலேருந்து கூப்பிட்டே."

கையிலிருந்த துணி நழுவித் தெருவில் விழுந்தது.

"ஆர்கிரிஸ், நான் கலாமாட்டாவில இருக்கேன். திரும்பு. வண்டிக்குப் போ."

அவன் நிற்கவில்லை. காலடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "டேய் மடையா! பல்லு போன கழுதை! நாலு நாள் பழைய ரொட்டியை ஊரை ஏமாத்தி விக்கிற நாயே! நில்லுடா அங்க!"

காலடிச் சத்தம் நின்றது.

"ஆர்கிரிஸ்? கேக்குதா?"

"கேக்குது" என்றான் அவன், மிகவும் தணிந்த குரலில். "அவளும் இதையேதான் சொல்லித் திட்டறா, மிர்சினி. உனக்கு முன்னாலயே சொல்லிட்டா."

பிறகு போனில் அருவியின் இரைச்சல் நின்றது. இணைப்பு மட்டும் அறுபடவில்லை.