முதல் விலைக்குச் சம்மதித்தவர்

கீழைக்கடலிலிருந்து முழுநிலவு எழுந்துவிட்டது. மேற்கே கதிரவனோ, கடைசி வாடிக்கையாளர் யாரேனும் வரக்கூடும் என்று கடையை அடைக்க மனமில்லாமல் நிற்கும் செட்டியாரைப் போல, தென்னந்தோப்புகளின் தலைமேல் இன்னும் தயங்கி நின்றான். இந்த இரண்டு ஒளிகளுக்கும் நடுவே, ஒரு கரை பொன்னும் மறு கரை வெள்ளியுமாக, புன்னை மலர்களைச் சுமந்துகொண்டு புன்னையாறு கடலை நோக்கி அசைந்து சென்றுகொண்டிருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, ஆற்றின் அழகில் மயங்கி அதன் முகத்துவாரத்தைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். அங்கே ஒரு மணல்திட்டு படுத்துக் கிடக்கிறது. அழையாமல் வந்த விருந்தாளி வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்திய கதைதான். சோழநாட்டுக் கடற்கரையில் புகழோடு விளங்கிய புன்னைத்துறைக்குள் பெரிய மரக்கலங்கள் நுழைய முடியாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. சீனத்துக் கலங்களும் கடாரத்துக் கலங்களும் இப்போது தெற்கே, ஆழமான துறைமுகம் கொண்ட சங்குத்துறைக்குப் போகின்றன.

சரக்கை வண்டியில் ஏற்றிச் சங்குத்துறைக்கு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு ஊர்களையும் ஆண்ட சிற்றரசர்கள் முன்னொரு காலத்தில் ஒரு யானைக்காகப் பகைத்துக்கொண்டார்கள். யானை இறந்துபோயிற்று, பகை மட்டும் நல்ல உடல்நலத்தோடு இருந்தது. புன்னைத்துறைச் சரக்கு எதுவானாலும் பாதியைச் சுங்கமாகக் கொடு என்று எல்லையில் ஒரு சாவடி வைத்திருந்தார் சங்குத்துறை மன்னர். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை விற்கும் அளவுக்குப் புன்னைத்துறை வணிகர்களுக்குப் பித்துப் பிடிக்கவில்லை.

ஆகவே புன்னைத்துறையின் பெயர்பெற்ற செஞ்சாயத் துணிகள் பொதிகளாகத் தேங்கிக் கிடந்தன. நெசவாளர் தெருவில் தறிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். "பௌர்ணமிச் சந்தை வரைக்கும் பொறுத்திருங்கள், அதற்குள் ஒரு வழி செய்கிறேன்" என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள் காரி செட்டியாரின் மகள் நங்கை. அந்தப் பௌர்ணமிச் சந்தைதான் இன்று. விடிந்தால் வண்டிகள் கிளம்பிவிடும். நெசவாளர் போனால் புன்னைத்துறை என்பது வெறும் புன்னை மரங்கள் நிற்கும் துறையாகிவிடும்.

ஆற்றங்கரைச் சந்தை மண்டபத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாயிலும் இருவர் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். இருவரின் வலக்கைகளும் ஒரு துணிக்கடியில் மறைந்திருந்தன. விலையை வாயால் சொன்னால் ஊர் கேட்கும். விரலைப் பிடித்துச் சொன்னால் துணிகூட அறியாது. இந்த விரலைப் பிடித்தால் இத்தனை, அந்த விரலை அழுத்தினால் அத்தனை. உள்ளங்கையை அழுத்தினால் சம்மதம். ஆனால் இருவரும் சேர்ந்து கையை எடுத்தால்தான் பேரம் முடிந்ததாகும். துணிக்கடியில் சேர்ந்த கைகளைப் பேரம் முடியும்வரை மன்னரும் பிரிக்கலாகாது. பேரம் நடக்கும் பாயருகே நின்று எவரும் கேட்கலாகாது. புன்னைத்துறையில் கோயில் வழக்கம் தவறினாலும் இந்த வழக்கம் தவறியதில்லை.

காரி செட்டியாருக்குப் பொதிக் கயிறு அறுத்த வலக்கை வீங்கிக் கட்டோடு இருந்தது. அதனால் அன்று பாயில் அமர்ந்தவள் நங்கை. செட்டியார் தூணோரம் சாய்ந்து, மகளின் முகத்தைப் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து எவருக்கும் விலை தெரிந்துவிடக்கூடாது என்று அவளுக்குக் கற்பித்தவரே அவர்தாம்.

எதிரே அமர்ந்திருந்தவன் கடாரத்திலிருந்து வந்த வணிகன் என்று சொல்லிக்கொண்டான். திட்டுக்கு அப்பால் கப்பல் நிற்கிறதாம். துணி முழுவதையும் தானே வாங்கிக்கொள்வானாம். முதல் தவணையாகச் சில பொதிகள் அவனுடைய படகில் ஏற்றப்பட்டுப் படித்துறையில் காத்திருந்தன. இளவயது. பார்ப்பதற்கு லட்சணமாகவும் இருந்தான். ஆனால் லட்சணத்துக்காக விலையைக் குறைப்பவள் அல்லள் நங்கை. அவனுடைய விரல்களைப் பிடித்து, தனக்கே சற்று வெட்கமாக இருக்கும் அளவுக்கு ஒரு விலையைச் சொன்னாள். இனி அவன் சிரிப்பான். எழுந்து நாலடி நடப்பான். கூப்பிட்டால் திரும்பி வருவான். பிறகுதான் உண்மையான வியாபாரம் தொடங்கும்.

அவன் அவளுடைய உள்ளங்கையை அழுத்தினான். சம்மதம்.

நங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தங்கள் ஊரில் பேரம் பேசுவது பாவமோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"தங்கள் சொல்லை மறுக்க மனம் வரவில்லை."

"சரக்கு வாங்க வந்தவர் சரக்கைப் பழிக்க வேண்டும், ஐயா. சாயம் போகும், நூல் முறுக்குப் போதாது, இதைவிட நல்ல துணியால் என் பாட்டனார் மாட்டைத் துடைத்தார் என்று சொல்ல வேண்டும். தாங்களோ கோயில் உண்டியலைப் பார்த்தவர் போலக் கொடுக்கிறீர்கள்."

அவன் புன்னகைத்தான். நங்கையின் மனமோ வேகமாகக் கணக்குப் போட்டது. முதல் விலைக்கே சம்மதிப்பவன் வணிகனாக இருக்க முடியாது. ஒன்று, பணம் கொடுக்கும் எண்ணமே இல்லாத திருடன். அல்லது, பணத்தைத் தன் கையால் எண்ணியறியாத அரசகுமாரன். அவள் விரல்கள் அவனுடைய விரல்களை மீண்டும் தடவின, இம்முறை விலைக்காக அன்று. நுனிகளில் வில்நாண் தேய்த்த காய்ப்பு. மோதிர விரலில், நெடுநாள் அணிந்து இன்று கழற்றிய மோதிரத்தின் தடம்.

அதே வேளையில் தீவட்டிகளோடு வீரர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் ஊர்க்காவல் தலைவர் வயிரமேகனார்.

"சங்குத்துறை ஒற்றன் ஒருவன் ஊருக்குள் வந்திருக்கிறான்" என்று முழங்கினார் அவர். "நம் நெசவாளரை ஆசைகாட்டி அழைத்துப்போக வந்தவன். தேர்ந்த வில்லாளியாம். ஆடவர் எல்லோரும் வலக்கையை நீட்டுங்கள்."

மற்றவர்கள் அவரவர் பேரத்தை முடித்தோ முறித்தோ கைகளை நீட்டினார்கள். தீவட்டிகள் பாய் பாயாக வந்தன. நங்கையின் பிடியிலிருந்த கை நழுவப் பார்த்தது. அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"இழுக்காதீர்கள். இழுத்தால் பேரம் முறிந்தது என்று பொருள். முறிந்தால் கை வெளியே வரும்" என்றாள் உதடு அசையாமல்.

வயிரமேகனார் பாயை நெருங்கினார். "அம்மணி, இவருடைய கை?"

"என் கைக்குள் இருக்கிறது, தலைவரே. பேரம் முடியவில்லை."

"சற்றுச் சீக்கிரம் முடிக்கலாகாதா? வீட்டில் அயிரை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது."

"பெரிய வியாபாரம். அவசரப்பட்டால் அப்பாவுக்கு நட்டம். குழம்பு நாளைக்கு இன்னும் ருசிக்கும்."

குழம்பைப் பற்றிய அந்த உண்மையை மறுக்க இயலாமல் வயிரமேகனார் வழக்கப்படி விலகிப் போய்த் தூண்களருகே நின்றார். மண்டபத்தில் பார்க்கப்படாத கை அது ஒன்றுதான்.

"தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான் அவன்.

"அப்படிக் கேளுங்கள். இப்போதுதான் வணிகரைப் போலப் பேசுகிறீர்கள். எங்கள் நெசவாளர் உங்களுக்கு எதற்கு? உங்கள் துறைமுகத்தில்தான் கப்பல்கள் நிற்க இடமில்லையாமே?"

"உண்மைதான். வரும் கலங்களை எண்ணி மாளாது." அந்த நிலையிலும் அவன் குரலில் பெருமிதம் இருந்தது.

"வருவதைக் கேட்கவில்லை. போகும்போது எதை ஏற்றிக்கொண்டு போகின்றன?"

அவன் பார்வையைத் தாழ்த்தினான். "மணலை" என்றான். "வெறுங்கப்பல் அலையில் கவிழாமல் இருக்க, அடிப்பாரத்துக்கு."

"அழகுதான். பட்டுத்துணியையும் கர்ப்பூரத்தையும் இறக்கிவிட்டு, உங்கள் பொன்னை வாங்கி முடிந்துகொண்டு, போகிற போக்கில் மணலையும் இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். இப்படியே போனால் ஒருநாள் உங்கள் ஊரில் பொன்னும் இராது, கரையும் இராது."

"அதற்காகத்தான் வந்தேன்" என்றான் அவன். குரலில் பெருமிதம் போய்க் கவலை வந்திருந்தது. "வீடு, நிலம், தறி எல்லாம் கொடுத்து இவர்களை அங்கே குடியேற்றினால்..."

"நெசவாளரை அழைத்துப் போவீர்கள். புன்னையாற்றையும் சுருட்டி வண்டியில் ஏற்றுவீர்களா? சாயவேர் எங்கும் கிடைக்கும். இந்த ஆற்று நீரில் தோய்த்தால்தான் இந்தச் சிவப்பு. உங்கள் கிணற்று நீரில் தோய்த்தால் செங்கல் நிறந்தான் வரும்."

"தோய்த்துப் பார்த்தோம்" என்று ஒப்புக்கொண்டான் அவன். "செங்கல் நிறந்தான் வந்தது."

நங்கைக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாயிற்று. தன் தோல்வியைச் சொல்லத் தெரிந்த ஆடவனை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"அப்படியானால் கேளுங்கள். ஆழம் உங்களிடம் இருக்கிறது, சரக்கு எங்களிடம் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு சாவடி. பாதிச் சுங்கம் கேட்டு அது இதுவரை ஈட்டியது என்ன?"

"காவலர்களின் சம்பளச் செலவு."

"பத்தில் ஒன்று கேளுங்கள். வண்டிகள் வரிசையில் நிற்கும்."

"என் தந்தையார் அந்த யானையை மறக்கமாட்டார்."

"யானையே மறந்துவிட்டது, ஐயா."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தூணருகே வயிரமேகனார் திரும்பிப் பார்த்தார். பேரத்தில் சிரிப்பவன் தோற்கிறான் என்பது அவருக்கும் தெரியும் என்பதால் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவன் அவள் எதிர்பாராத ஒன்றைச் செய்தான். சரக்கைப் பழித்தான். "உங்கள் துணியில் ஒரு குறை உண்டு. அகலம் ஒரு முழம் போதாது. கடாரத்தில் இடையிலிருந்து கணுக்கால் வரை தொங்கக் கட்டுவார்கள். அங்கிருந்து வரும் மாலுமிகள் ஒவ்வொருவரும் இதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள். அகலமாக நெய்தால் சாவடியைத் திறப்பது என் பொறுப்பு. இல்லையேல் திறந்தும் பயனில்லை."

கடல் தாண்டிய ஊரில் யார் எப்படி உடுத்துகிறார்கள் என்று புன்னைத்துறையில் ஒருவரும் கேட்டதே இல்லை. தாங்கள் நெய்வதை உலகம் வாங்கும் என்று இருந்துவிட்டார்கள். நங்கை மனத்துக்குள் ஒரு முழம் அளந்து பார்த்தாள். பிறகு அவனுடைய உள்ளங்கையை அழுத்தினாள்.

"ஆனால் நெசவாளர் விடிந்தால் போய்விடுவார்கள். வெறும் வாக்கைக் காட்டி அவர்களை நிறுத்த முடியாது" என்றாள்.

அவன் இடக்கையால் இடைக்கச்சிலிருந்து ஒரு பொற்கிழியை எடுத்துப் பாயில் வைத்தான். "அவர்களை அழைத்துப்போகக் கொண்டுவந்த பொன். அவர்கள் இங்கேயே இருப்பதற்கு அச்சாரமாகட்டும். படகிலுள்ள பொதிகளை நான் கொண்டுபோகிறேன்."

"நல்லது. சரக்கைப் பார்க்கப் போகலாம், எழுந்திருங்கள். கையை மட்டும் எடுக்காதீர்கள்."

துணி விலகாமல், கை பிரியாமல், இருவரும் எழுந்து நடந்தார்கள். வயிரமேகனார் குறுக்கே வந்தார். "எங்கே?"

"படகிலுள்ள சரக்கைப் பார்க்க."

"கையைக் கோத்துக்கொண்டா?"

தூணோரம் சாய்ந்திருந்த காரி செட்டியார் பொற்கிழியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "துணியை விலக்கக்கூடாது என்பதுதான் வழக்கம், தலைவரே. நடக்கக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. வழியை விடுங்கள்."

நிலவு படித்துறையில் பால் வார்த்துக்கொண்டிருந்தது. மூடிய கைகளோடு படியிறங்கிய அந்த இருவரையும் பார்த்து, பூக்கூடையோடு நின்ற ஒருத்தி, "மாலை மட்டுந்தான் குறை. எங்கிட்ட வாங்கிக்கக் கூடாதா?" என்றாள். நங்கையின் முகம் புன்னைத்துறைச் சாயத்தின் முதல் தரத்துக்கு வந்தது. பிடியைத் தளர்த்த அவள் நினைக்கவில்லை. அவனும் நினைத்ததாகத் தெரியவில்லை.

படகருகே அவன் நின்றான். "என் பெயரைக் கேட்காமலே வாக்கு வாங்கிவிட்டீர்கள். நான் சங்குத்துறை இளவரசன் ஆதவேள். அடுத்த பௌர்ணமிக்குள் அந்தச் சாவடியின் தடைமரத்தை என் கையால் தூக்குவேன். தூக்க முடியாமற்போனால், உங்கள் வயிரமேகனாரிடம் நானே வந்து இந்தக் கையை நீட்டுவேன். என் குலத்தின் மீது ஆணை."

"இன்னும் ஒரு நிபந்தனை பாக்கி."

"சொல்லுங்கள்."

"எங்கள் ஊரில் திருமணப் பந்தலில் புதுமணல் பரப்புவது வழக்கம். உங்கள் கப்பல்களுக்கு மணல் தேவைப்படாத நாளில் அதை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்."

துணிக்கடியில் அவளுடைய உள்ளங்கை அழுந்தியது.

"இதற்கும் முதல் விலைக்கேயா?" என்றாள் நங்கை.

"இதில் மட்டும் எனக்குப் பேரம் பேசக் கற்கும் எண்ணமில்லை" என்றான் ஆதவேள்.

படகு நழுவியது. குழம்பின் நினைவு பொறுமையைத் தின்றுவிட்ட வயிரமேகனார் படியிறங்கி ஓடிவந்தபோது, அங்கே நங்கையின் கையில் துணி மட்டுமே இருந்தது.

"அவன் எங்கே?"

"பேரம் முடிந்தது, தலைவரே. வேண்டுமானால் என் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

வாசகர்களே, அடுத்த பௌர்ணமிக்கு முதல்நாள், சங்குத்துறைப் பாதையில் மணியோசை கேட்டது. சாவடியின் தடைமரம் வானத்தைப் பார்த்து நின்றது. அதற்குள் அகலத் தறிகளில் நெய்த பொதிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே போகக் காத்திருந்த வண்டிகளுக்கு எதிரே, தெற்கிலிருந்து ஒரு வண்டி வரிசை வந்து காரி செட்டியார் வீட்டு வாசலில் நின்றது. செட்டியார் ஆவலோடு முதல் மூட்டையை அவிழ்த்தார். கைவிட்டு அள்ளினார். விரலிடுக்கில் வழிந்ததைப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"இளவரசரிடமிருந்து சீர் வருகிறது என்றாயே, அம்மா. என்ன இது, மணலா?"

"ஆமாம், அப்பா" என்றாள் நங்கை. "அங்கே இனி இதற்கு வேலை இல்லையாம். பந்தற்காரரை வரச்சொல்லுங்கள்."