கம்பியில் தொங்கிய போர்வை

இன்று போர்வை!

மொட்டை மாடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள் இசக்கிச்செல்வி. முந்தாநாள் வெள்ளைச் சேலை. நேற்று பாவாடை. இன்று சொட்டச் சொட்ட ஒரு போர்வை, அவளுடைய செம்புக் கம்பியில். ‘இதில் துணி போடாதீர்கள்’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையிலும் கிளிப் போட்டு ஒரு காலுறை.

அது கொடிக்கம்பி இல்லை, ஏரியல். மின்கம்பிகளுக்கு எட்டாத பக்கமாக, தோளுயரத்தில் நைலான் கயிற்றில் கட்டியிருந்தாள். வானொலி அலைகளிலிருந்து துளியூண்டு மின்சாரத்தை அது பிடிக்கும். டயோடு அதை ஒரே பக்கமாக ஓடவைக்கும். கெப்பாசிட்டர் சேர்த்து வைக்கும். இவற்றைப் பொருத்திய பலகையில் பொத்தானை அழுத்தினால் குட்டி விளக்கு மின்னும்.

மின்ன வேண்டும். நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இதுவரை ஒரு தடவைகூட மின்னவில்லை. ஈரத்துணி சுவரில் பட்டால் பிடித்ததெல்லாம் சுவர் வழியே இறங்கிவிடாதா?

“காத்துல கரண்டா? ஒனக்குக் கிறுக்கு புடிச்சிட்டு!” என்று தம்பி முத்துக்குமரன் வேறு காலையில் சிரித்துவிட்டுப் போனான்.

கீழ்வீட்டு ஜெயபாய் அத்தை மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“ஏளா, ஒன் கம்பியால என் வெள்ளச் சேலை பச்சை பச்சையாயிட்டு! ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எதைக் கட்ட?”

உப்புக் காற்றில் செம்பு அப்படித்தான் பச்சை பிடிக்கும்.

“யாரு அதுல போடச் சொன்னா அத்தை? அட்டை வச்சிருக்கேன்லா!”

“பின்ன எங்கன போட? என் கொடிக்கயிறு அறுந்து ஒரு வாரமாச்சு. மாமா கப்பலுக்குப் போயாச்சு. எனக்குக் கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல.”

இசக்கிச்செல்வி அறுந்து கிடந்த கொடிக்கயிற்றைப் பார்த்தாள். மீதி நைலான் கயிற்றை எடுத்து வந்தாள்.

“கொஞ்சம் தாழ்த்து. ஐய, ரொம்பத் தாழ்த்திட்டே! இழுத்துக் கட்டுளா!”

பெருமூச்சு விட்டபடி அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். இருவரும் போர்வையைப் புதுக் கொடிக்கு மாற்றினார்கள். பிறகு ஏரியலிலும் அதைக் கட்டிய கயிற்றிலும் படிந்திருந்த உப்பைத் துடைத்தாள். காத்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

மினுக்!

“அம்புட்டுதானா?” என்றார் அத்தை. “கொசு கண்ணு சிமிட்டுன மாதிரில்லா இருக்கு.”

“காத்துலேர்ந்து வந்தது அத்தை!”

அத்தை பலகையைப் புரட்டிப் பார்த்தார். எங்கும் பேட்டரி இல்லை.

“இன்னொரு மட்டம் காட்டு.”

“திரும்ப நிறையணும். கொஞ்சம் இருங்க.”

அத்தை வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அப்போது குளித்துவிட்டு வந்த முத்துக்குமரன், ஈரத் துண்டைக் கம்பியை நோக்கி ஓங்கினான்.

“ஏலே, அங்கன போடாத!” அத்தை துள்ளி எழுந்தார். “அதுல கரண்டு காயுது!”