ஏப்ரன் பையில் இருந்த மாத்திரைகள்

"இது என்ன மாத்திரை?"

மாமியார் கேட்ட கேள்வியில் அந்தக் குடும்பத்து லாண்டரியின் பின்கட்டே அடங்கிப்போனது. வெள்ளைத் துணிகளுக்கான வெந்நீர்த் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மாமியாரின் விரல் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை, உள்ளே நீல மாத்திரைகள். மருமகளின் ஏப்ரன் பையிலிருந்து எடுத்தது.

துணியை நனைக்கும் முன் பைகளைத் துழாவுவது மருமகளின் வேலை. அகப்பட்டதைத் தன் ஏப்ரன் பையில் போட்டு வைத்து, உரியவரிடம் கொடுத்துவிடுவாள். ஊரார் பையையெல்லாம் துழாவுகிறவள், தன் ஏப்ரனை அழுக்குக் கூடையில் போடும்போது மட்டும் துழாவ மறந்துவிட்டாள். மறதி வந்து தொலைவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

இந்த மாத்திரைகளுக்கு உரியவன் அவளுடைய கொழுந்தன். இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் சட்டையில் இந்தப் போதை மாத்திரையை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன வெளிய தள்ளிடுவார் அண்ணி... இதோட நிறுத்திடறேன்" என்று அன்று காலைப் பிடித்து அழுதான். நம்பினாள். இப்போதாவது அவனே சொல்லட்டும் என்று அவனைப் பார்த்தாள். அவன் டீயைப் பார்த்தான்.

"வாயத் தொறயேன்டி" என்றார் மாமியார். "ராத்திரி தூக்கமில்லனு கண்ணு செவந்து நிப்பியே, இதுதான் காரணமா? உன்ன என் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேனே..."

வாசலில் நின்ற கணவன் அதற்கு மேல் போனான். "உங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பு. புள்ள இங்கயே இருக்கட்டும். இந்தக் கண்றாவிய முழுங்கறவகிட்ட என் பொண்ண விட மாட்டேன்."

மகளை விட்டுவிட்டு எங்கே போவாள்? அப்போதுதான் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"எதுக்கு அண்ணிய வறுத்தெடுக்கறீங்க? லீவு நாள்ல ஜாலிக்கு ஒண்ணு போட்டா அது அடிமையா? வேலை வெட்டி இல்லாம தெருவுல கெடக்கறவன்தான் அடிமை. அம்மா, நீ தூக்க மாத்திரை இல்லாம தூங்கறியா? அண்ணன் சனிக்கிழமை குடிக்கலயா?"

"எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுடா."

"நான் குடிக்கறது ஊருக்கே தெரியும்" என்றான் கணவன். "ஒளிச்சு வெக்கல."

"அப்ப பாட்டில ஏன் கார் டிக்கில வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள் அவள். அவன் முகம் கறுத்தது.

ஆனால் அவள் நெஞ்சு எரிந்தது கொழுந்தனால்தான். அடப் பாவி, தன் பாவத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு அவளுக்கே வக்கீலாக நிற்கிறானே. இவனுக்காகவா இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று மனம் கசந்தது.

"என் பையில இருந்ததுதானே அத்தை? அதத் தொட்டியில போடுங்க" என்றாள். அவனைச் சோதிக்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. அந்தச் சனியன் ஒழிந்தால் போதும்.

மாமியார் வீசிய உறை நுரையின் மேல் மிதந்தது. டீ கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. யாரும் தடுக்கும் முன் கொழுந்தன் பாய்ந்து, கொதிக்கும் தொட்டிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டான்.

அலறினான். ஆனால் உறையோடுதான் கையை எடுத்தான்.

அவள்தான் அவனை இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரில் கையைப் பிடித்தாள். தோல் சிவந்து பொங்கிக்கொண்டிருந்தது. அவன் விரல்கள் மூடியே இருந்தன.

"கையத் தொறடா."

"இது சும்மா ஜாலிக்குத்தான் அண்ணி... நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்..." அழுதான். கை திறக்கவில்லை.

மாமியார் அருகில் வந்தார். மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உறையைப் பிடுங்கினார். பிறகு மருமகளின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா... நானும் உன்னப் போய்..."

"என்ன மன்னிச்சிடு" என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி.

அவள் மாமியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒரு ஈரத் துண்டை எடுத்துக் கொழுந்தனின் கையில் போர்த்தினாள்.

"மொதல்ல இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "கை வெந்துடுச்சுனு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. எதுக்குக் கைய விட்டான்னும் சொல்லுங்க."