கல்லின் அந்தப் பக்கம்

மெங்கியா அடித்ததைவிட ஓர் அடி அதிகமாகக் கேட்டது.

முதலில் அவள் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். பெயர் சுத்தியல் என்றாலும் அது ஓங்கி அடிக்கிற சாமான் அல்ல. கைவிளக்கு நீளத்தில் ஓர் உலோகக் குழல். அதன் நுனியைக் கல்லில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் வில் விடுபட்டு 'டொக்' என்று தெறிக்கும், தெறித்தது எவ்வளவு துள்ளித் திரும்பியது என்று பக்கவாட்டில் ஓர் எண் நிற்கும். அண்மையில் வெளியே வந்த கல் இறுகியிருக்கும், எண் ஏறும். பல்லாயிரம் ஆண்டு வெயிலும் உறைபனியும் தின்ற கல் தளர்ந்திருக்கும், எண் இறங்கும். ஒரு கல்லுக்கு மூன்று அடி, எண்ணைக் குறித்துக்கொள்ளும் நேரம், பிறகு அடுத்த கல். பாதி வாழ்க்கையை இந்த வேலையில் கழித்தவள் அவள். அந்த டொக்கைத் தன் இருமலைப் போலத் தெரியும் அவளுக்கு. இன்று ஒவ்வொரு டொக்குக்கும் பிறகு, ஒரு மூச்சு இழுத்து விடும் தாமதத்தில், இன்னொன்று வந்தது. கொஞ்சம் மந்தமாக, ஈரத் துணியில் சுற்றி அடித்ததுபோல.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி எதிர்ச்சரிவை முழுதாக விழுங்கியிருந்தது. ஆட்டு மந்தையின் மணியோசையே நாலு பாறைக்கு அப்பால் செத்து விழும் அந்த வெண்மைக்குள், எதிரொலி எதில் பட்டுத் திரும்பும்?

அவள் நின்றது பாறைப் பனியாற்றின் நடுமுதுகில். அலமாரி அளவிலும் படுத்த பசு அளவிலும் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, நாக்குபோல நீண்டு, கீழே குடியிருப்பின் வேலிவரை இறங்கியிருந்தன. கற்களின் இடுக்குகளிலிருந்து வந்த குளிர்காற்று கணுக்காலைத் தடவிக்கொண்டே இருந்தது. ஈரக் கற்பாசியின் வாடை, அதற்கு மேல் அடிபட்ட கருங்கல்லின் கருகல் வாடை. இப்படிப்பட்ட குவியலுக்குள் பனிக்கட்டி இருந்தால் அது மெல்ல நகரும். பனி உருகிப்போயிருந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கிடக்கத் தொடங்கி எத்தனை காலம் என்பதைத்தான் மெங்கியா அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உச்சியிலிருந்து அடிவரை எல்லாக் கல்லும் கிழடு என்றால் இது செத்தது, கீழே இருப்பவர்கள் இருக்கலாம். அடிப்பகுதியில் இளங்கற்கள் தென்பட்டால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த பனிக்காலத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். வேலியை ஒட்டிய முதல் வீடு அவளுடைய அண்ணன் யாகெனுடையது.

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி அவன் ஆரம்பித்திருந்தான். "கல்லைத் தட்டி வயசு கேக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம் வேற. நம்ம கிழட்டுப் பசுவையும் ஒரு தட்டு தட்டிச் சொல்லேன், விக்கலாமா வேணாமான்னு."

"உன் தலையத் தட்டினா எண்ணே வராது. உள்ள காலி."

"சிரிடி, சிரி. நீ ஒரு எண்ண எழுதிட்டுப் பஸ் ஏறிடுவ. நான் பொண்டாட்டியையும் பத்து மாசக் குழந்தையையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

இப்போது அந்தக் கேள்வியோடு சேர்ந்து அந்த மந்தமான டொக்கும் காதுக்குள் இருந்தது.

அடுத்த சந்தேகம் ரியெட்மேல் விழுந்தது. உடன் வேலை செய்பவன். வலதுபக்க விளிம்பில் இன்னொரு கருவியோடு இருக்க வேண்டியவன். முதுகுப்பைக்குள் கல்லை வைத்துவிட்டு, மலையேறி முடிந்ததும் சொல்லிச் சிரிக்கும் ஆள்.

"ரியெட்! போதும், விளையாடாத!"

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, குழலை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், மூச்சைக்கூட அடக்கிக் காத்திருந்தாள்.

டொக்.

டொக். டொக்.

பிறகு ஓர் இடைவெளி. எண்ணைக் குறித்துக்கொள்ளும் அளவுக்கு.

சத்தம் கீழ்ச்சரிவிலிருந்து வந்தது. அவள் கற்களைக் கையால் பற்றிப் பற்றி அந்தத் திசையில் இறங்கினாள். இன்னும் தான் தொடாத கற்களில், கற்பாசி இல்லாத இடமாகப் பார்த்து, வெள்ளை வட்டங்கள் இருந்தன. அவளுடைய குழல் விட்டுச் செல்லும் அதே காசளவுத் தழும்பு. ஒரு கல்லுக்கு மூன்று. ஓர் ஒழுங்கோடு, ஒரு வரிசையில், கீழ்நோக்கி.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அடித்த இடத்தில் மறுபடி அடித்தால் கல் இறுகி எண் கூடும். கிழட்டுக் கல் இளங்கல்போலப் பொய் சொல்லும். இது தெரிந்தவன் இந்த மலையில் இன்னொருவன்தான். செத்த பனியாற்றைப் பற்றிய கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள். உயிருள்ளதைப் பற்றி எழுதினால் பெயர் கிடைக்கும். ரியெட்டின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. எல்லாம் பொருந்தியது. பொருந்தியதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

சாட்சிக்கு ஒரு கல்லை எடுத்துப் போகலாம் என்று, தூக்கக்கூடிய ஒன்றைப் புரட்டினாள். மண் பிடித்து, பல்லாண்டுகளாக அசையாமல் கிடந்த கல். அதன் அடிப்பக்கத்திலும் மூன்று வட்டங்கள் இருந்தன. இடித்த தூள் ஈரத்தில் ஒட்டியபடி, இன்னும் உலராமல்.

மேலே இருந்தவை மூன்று. கீழே இருந்தவை மூன்று. மேலே உள்ளவற்றுக்கு நேர் கீழே.

அவள் கல்லைப் போட்டுவிட்டாள்.

"காப்பி குடிக்கிறியா?" மேலிருந்து, அவள் வந்த வழியிலேயே, ரியெட் சூடுகுடுவையோடு இறங்கி வந்தான். தொப்பியின் விளிம்பில் நீர் முத்துகள். "முகம் ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"உன் சுத்தியல் எங்க?"

"பையில. சாப்பாட்டுக்கு முன்னாடியே வில் உடஞ்சு போச்சு. அதச் சொல்லத்தான் உன்னத் தேடிட்டிருந்தேன்."

"எடு, பாக்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டு பையைத் திறந்தான். குழலின் வாயிலிருந்து வில் குடல்போல வெளியே தொங்கியது.

"என்னைய எதுக்குச் சந்தேகப்படறன்னு கேக்கலாமா?"

அவள் எல்லாவற்றையும் அவன்மேல் கொட்டினாள்: வட்டங்கள், ஒப்பந்தம், கட்டுரை. அவன் காது மடல்கள் சிவந்தன. நீ இப்படி நினைப்பேன்னு நான் நினைக்கல மெங்கியா, என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி கேட்டது. இருவருக்கும் கேட்டது. கீழே, வெகு கீழே, வேலியை நெருங்கி.

டொக். டொக். டொக்.

"உன் அண்ணன்," என்றான் ரியெட் கடைசியில். "நம்மள விரட்டப் பாக்கறான். ஏதாவது கடப்பாரைய வச்சு இடிக்கிறான் போல."

அதுவும் பொருந்தியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து இறங்கினார்கள். அது அவர்களுக்கு முன்னால் கல்லுக்குக் கல் போய்க்கொண்டே இருந்தது, அவசரமில்லாமல், ஒரு கல்லையும் விடாமல். போகப்போக மெங்கியா அதன் தாளத்தைக் கேட்டாள். ஆளை விரட்ட இடிப்பவர்கள் இப்படி இடிக்க மாட்டார்கள். இடித்துவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். இது தட்டிப் பார்க்கிறது. கிழட்டுக் கல், அடுத்தது. கிழட்டுக் கல், அடுத்தது. அவள் தேடுவதையே அதுவும் தேடுகிறது.

இதை அவள் ரியெட்டிடம் சொல்லவில்லை. யாகெனின் கையில் கடப்பாரையைப் பார்த்துவிட்டால் போதும், சொல்லத் தேவையிருக்காது.

அடுக்களையில் விளக்கு எரிந்தது. பார்லிக் கஞ்சியும் புகைபோட்ட இறைச்சியும் மணத்தன. யாகென் முழங்கைவரை மாவில் இருந்தான். அவன் மனைவி ஊர்ஷ்லா அடுப்பருகே நின்று துழாவிக்கொண்டிருந்தாள். கல் பாவிய தரையில் விரித்த ஆட்டுத்தோலில் குழந்தை மத்லைனா வெறுங்காலோடு உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"நீ வெளிய போகவே இல்லியா?" மெங்கியா கேட்டாள்.

"இந்தப் பனியில எவன் போவான்? மாவு பிசைய விட்டுட்டா மகராசி."

"நல்லாப் பிசையட்டும்," என்றாள் ஊர்ஷ்லா. "கை மட்டுமாவது உருப்படியா இருக்கட்டும்."

நகத்திடுக்கெல்லாம் மாவு. காய்ந்து வெடித்த மாவு. மெங்கியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாகென் கையை உதறிவிட்டு நேராகக் கேட்டான். "இன்னைக்குச் சொல்லிடு. இருக்கலாமா, போகணுமா?"

போ, இப்போதே போ என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பான். எதைக் காட்டுவது? யாரைக் காட்டுவது? அவள் சந்தேகப்பட்ட இரண்டு பேரும் கண்முன் நின்றார்கள். கையில் இருந்தது இன்றைய எண்களும், நேற்று அடிப்பகுதியில் எடுத்த எண்களும் மட்டும்தான். எண்கள் பொய் சொல்லவில்லை.

"எண்ணெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. உச்சியில இருந்து அடிவரைக்கும் எல்லாம் கிழடு. அது… செத்துப் பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

யாகென் மாவுக் கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டான். ஊர்ஷ்லா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். கோப்பைகள் வந்தன, பழச்சாராயம் வந்தது. "ரியெட், நீயும் உக்காருய்யா, இனிமே நீ எங்க வீட்டு ஆளு," என்றான் யாகென். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

டொக்.

கோப்பையில் சாராயம் வளையமிட்டது.

வாசலோரத் தரைக்கல்லுக்கு அடியில். மூன்று முறை. இடைவெளி.

"எலியா?" என்றாள் ஊர்ஷ்லா.

அடுத்த கல். மூன்று முறை. இடைவெளி. மேசைக்கு அடியில், மெங்கியாவின் பாதத்துக்கு நேர் கீழே, உள்ளங்காலில் ஏறும் அதிர்வோடு மூன்று முறை. இடைவெளி. அடுப்பின் அடிக்கல்.

எல்லாம் கிழடு.

"பிள்ளையத் தூக்கு," மெங்கியா சொன்னாள். "ஊர்ஷ்லா. பிள்ளைய."

நாற்காலி சாய்ந்தது. யாகென் எழுந்தான். ஆட்டுத்தோலுக்கு அடியில் ஒரு தட்டு. மெத்தென்று. வேறு மாதிரியான தட்டு.

இன்னொன்று.

அதே இடத்தில் இன்னொன்று.

ஊர்ஷ்லா அள்ளி எடுத்துவிட்டாள்.

அமைதி. எண்ணைக் குறித்துக்கொள்ளும் நேரம். அது நீண்டது. இன்னும் நீண்டது. அடுத்த கல்லில் தட்டவில்லை. எங்கேயும் தட்டவில்லை, தேடியது கிடைத்துவிட்டதுபோல.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லடா தங்கம்," ஊர்ஷ்லா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. தாயின் இடுப்பிலிருந்து தொங்கிய இடது உள்ளங்காலில், காசளவு, வெள்ளை வட்டம். விளிம்பில் சாம்பல் நிறத் தூள்.

மத்லைனா கரண்டியைக் கீழே விட்டாள். விரல்களை மடக்கினாள். தாயின் கழுத்தெலும்பில் விரல்முட்டியை வைத்துத் தட்டினாள்.

மூன்று முறை.

தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

பிறகு, அவசரமில்லாமல், அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள்.