பஞ்சுவுக்கு விஷம் வைத்தது யார்?

"டாக்டர்! என் பஞ்சுவுக்கு யாரோ விஷம் வைக்கிறாங்க!"

அலறிக்கொண்டே கால்நடை மருத்துவமனைக்குள் நுழைந்தாள் அந்தப் பெண். கையில் நாய். பின்னால் அவள் கொழுந்தன், மூக்கில் கைக்குட்டையோடு.

பஞ்சுவை மேஜையில் ஏற்றியதுதான் தாமதம்...

அறையே நாறியது!

ஊறப்போட்டு மறந்துபோன காலுறையின் வாடை. டாக்டர் அதன் காதை விரித்துப் பார்த்தார். உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ பொங்கி நின்றது. அடிவயிற்றில் முடியே இல்லை. சிவந்த தோலில் சீழ்க் கொப்புளங்கள். பஞ்சு எதையும் கண்டுகொள்ளாமல் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். வெள்ளை முடி எச்சிலில் ஊறித் துரு நிறமாகியிருந்தது.

"உவ்வே..." என்றான் கொழுந்தன். "இதை சோபாவுல வேற படுக்க வைக்கிறீங்க அண்ணி! இன்னைக்கும் குணமாகலைன்னா சாயங்காலமே காப்பகத்துல விட்டுடணும்னு அண்ணன் சொல்லிட்டார்."

"விஷம் வைக்கிறதே நீதானோ என்னவோ!"

"நானா? அது பக்கத்துல வந்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டுது!"

"கொஞ்சம் நிறுத்துறீங்களா?" டாக்டர் கையுறையை மாற்றினார். "இது விஷமில்லைம்மா. அலர்ஜி. அரிக்குது, நக்குறான். நக்க நக்கத் தோல் புண்ணாகுது. அந்த ஈரத்துல கிருமி குடியேறுது. நாத்தம் அதோடதுதான். கோழிக்கறிமேல சந்தேகம்னு, அவன் இதுவரைக்கும் தின்னாத மீனும் கிழங்கும் மட்டும் எட்டு வாரம் குடுக்கச் சொன்னேனே... குடுத்தீங்களா?"

"என் கையாலேயே அவிச்சேன் டாக்டர்! மீனும் கிழங்கும்தான். தட்டுல வேற ஒரு பருக்கை விழலை!"

அதுதான் புதிர்!

நாலு வாரம் பஞ்சு தேறினான். முடிகூட முளைத்தது. காதில் கொஞ்சம் சீழ்தான் பாக்கி. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஐந்தாவது வாரம்...

உடம்பெல்லாம் மறுபடி புண்!

"தட்டை விடுங்க. அவன் வாய்க்குள்ள போறது அத்தனையும் சொல்லுங்க. பிஸ்கட்? எலும்பு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கைபேசி அலறியது.

"ஒரு நிமிஷம் டாக்டர்... அவனுக்கு மாத்திரை நேரம்."

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கரும்பழுப்பாக ஒரு துண்டு. அதற்குள் மாத்திரையை அழுத்தினாள்.

லபக்!

"நில்லுங்க! என்ன அது?"

"கோழி ஈரல். சும்மா குடுத்தாத் துப்பிடறான்... நகத்தளவுதானே டாக்டர்?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு பொருளை எதிரின்னு உடம்பு முடிவு பண்ணிட்டா நகத்தளவே அதிகம்மா! தினம் ரெண்டு வேளை, மருந்துக்குள்ளேயே வெச்சு ஊட்டியிருக்கீங்க!"

பிசுபிசுத்த தன் விரல்களை அவள் பார்த்தாள்.

"அப்ப... நானேதானா?"

கொழுந்தன் கைக்குட்டையை இறக்கினான். "கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க அண்ணி! சரி, இன்னும் எட்டு வாரம் அண்ணனை நான் சமாளிக்கறேன். இனிமே பஞ்சுவுக்கு மாத்திரையை யாரு குடுக்கறது, எப்படிக் குடுக்கறது? அதைச் சொல்லுங்க டாக்டர்!"

"நீங்களே குடுங்கம்மா. அவன் தின்னற மீனையே பிசைஞ்சு, அதுக்குள்ள மாத்திரையை வைங்க. எட்டு வாரம், முதல்லேர்ந்து. தேறினதும் கோழியைத் திரும்பக் குடுத்துப் பார்ப்போம். அரிச்சா, அதுதான் குற்றவாளி. அதுவரைக்கும் கோழி ஈரல்..." டாக்டர் டப்பாவை மூடி அந்தப் பெண்ணிடமே நீட்டினார்.

"உங்க கொழுந்தன் வாயை அடைக்க மட்டும்!"