காரில் வெளிச்சாப்பாடு எதுவும் இல்லை

கேட்டில் இருந்த கிழவன் அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டபோதுதான் ஷ்யாமளாவுக்கு என்னவோ போல் இருந்தது.

முதல் தடவை அவள் கணவன் சபரியைப் பார்த்துக் கேட்டான். வெளிச்சாப்பாடு ஏதாவது காரில் இருக்கிறதா? இமிகிரேஷன் கவுண்டரில் வைத்துக்கொள்கிற அதே முகத்தோடு சபரி "நோ சார்" என்றான். இரண்டாவது தடவை டார்ச்சைப் பின்சீட்டில் அடித்துக்கொண்டே கேட்டான். சபரி அதையே சொன்னான். பிறகு கிழவன் அவசரமே இல்லாமல் காரைச் சுற்றி வந்து, ஷ்யாமளாவின் பக்கத்துக் கண்ணாடியை விரலால் தட்டி, அவள் இறக்கியதும் காகிதத் தொப்பியோடு குனிந்து கேட்டான். நீங்களும் சொல்லிவிடுங்கள் மேடம், இந்தக் காருக்குள் வெளியிலிருந்து வந்தது எதுவும் இல்லைதானே?

பின்சீட்டில் ஏழு வயது மாளவிகா உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், போர்வைக்குக் கீழே, ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையப் புளியோதரை இருந்தது.

"நோ," என்றாள் ஷ்யாமளா. "நத்திங்."

"பட் அம்மா..." என்று பின்னாலிருந்து ஆரம்பித்த குரலை, கையைப் பின்னால் நீட்டி முழங்காலில் ஒரு கிள்ளு கிள்ளி நிறுத்தினாள். கிழவன் சிரித்தான். ஒரு சின்னப் பொய்க்குக் கிடைக்க வேண்டியதைவிட நிறைய சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. மஞ்சள் சீட்டு ஒன்றில் ஏதோ எழுதி, கார்பன் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சீட்டை வைப்பரில் செருகிவிட்டு உள்ளே போகச் சொன்னான்.

பொய் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. வெளிச்சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் கேட்டிலேயே சொல்லி ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும் என்று போர்டே வைத்திருந்தார்கள். அதைப் படித்ததும்தான் சபரிக்கு ரோஷம் வந்தது. "நம்ம வீட்டு சோத்தை நாம சாப்பிட இவன்கிட்ட எதுக்கு பர்மிஷன்? இல்லன்னு சொல்லிடு, முடிஞ்சுது." ஷ்யாமளாவுக்கோ சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவள் வெளியே பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை. மற்ற நாளிலும் இந்த மாதிரி இடங்களில் சிக்கனையும் உருளைக்கிழங்கையும் ஒரே எண்ணெயில்தான் போட்டெடுப்பார்கள். கிராண்ட் கேன்யன் பள்ளத்தைப் பார்க்கப் போனாலும் புளியோதரையோடு போகிற வம்சம் நாம். காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டருக்கு மட்டும் வெறுங்கையோடு வந்துவிடுவோமா?

டெக்ஸஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிற வீட்டிலிருந்து ஒன்றே கால் மணி நேரம். பிரீவே முடிந்து, கடைசிப் பெட்ரோல் பங்கும் போய், இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி மட்டும் இருக்கிற ரோட்டில் இருந்தது தியேட்டர். வரும் வழியெல்லாம் கார் முழுக்க நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணந்து, மாளவிகா மூக்கைப் பிடித்துக்கொண்டு "இட் ஸ்மெல்ஸ்" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். வரிசைக்கு ஏழெட்டு என்று கார்கள் நின்றன. தங்கள் இடத்தில் நிறுத்தி, மஞ்சள் சீட்டில் அச்சிட்டிருந்த எஃப்.எம். எண்ணை ரேடியோவில் வைத்ததும் படத்தின் சத்தம் காருக்குள் வந்தது. முதல் படம் ஏதோ கரடிக் குட்டிகளின் கதை. அது பாதி ஓடியிருக்கும்போது, ஏ.சி.யின் குளிர்ந்த காற்றோடு சேர்ந்து மூக்குக்கு வந்த வாசனை வேறாக இருப்பதை ஷ்யாமளா கவனித்தாள். உருக்கிய வெண்ணெய். உப்பு. பொரிந்த சோளம். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. பக்கத்துக் காரிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், புளியோதரை வாசனை எங்கே போயிற்று? பெருங்காயம் அப்படியெல்லாம் விட்டுக்கொடுத்துப் போகிற சாமான் இல்லையே.

இடைவேளை வந்தது. விளக்கு எதுவும் போடவில்லை. திரையில் மட்டும் பழைய காலத்துக் கார்ட்டூன் ஒன்று, கீறலும் புள்ளியுமாக ஓட ஆரம்பித்தது. கடிகாரம் ஒன்று கண்ணைச் சிமிட்டி, அடுத்த படத்துக்கு இன்னும் பத்து நிமிடம் என்றது. ரேடியோவில் டிரம்பெட்டும் மணியுமாக ஒரு துள்ளல் மெட்டு. பாப்கார்ன் பொட்டலம் ஒன்று இரண்டு குச்சிக் கால்களோடு நடந்து வந்தது. அதன் பின்னால் தொப்பி போட்ட ஒரு சோடா கப். அதன் பின்னால் கைத்தடி சுழற்றிக்கொண்டு ஒரு சாசேஜ். எல்லாம் வரிசையாக, இடுப்பை ஆட்டிக்கொண்டு, திரையின் ஓரத்தில் வரைந்திருந்த ஸ்நாக்ஸ் கடையின் கதவுக்குள் போயின. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் வந்தது. போகிற ஒவ்வொன்றும் வாசலில் ஒரு நொடி நின்று, கார்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போயிற்று.

அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய விளம்பரமாம். சபரியின் ஆபீசில் ஒருவன் படத்தைவிட இதைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மாளவிகா விழுந்து விழுந்து சிரித்தாள். ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தின்னப்படப் போகிற பண்டத்துக்கு என்ன இவ்வளவு குஷி என்று தோன்றியது.

எட்டு நிமிடம் என்றது கடிகாரம். ஊர்வலம் மறுபடி வந்தது. பொட்டலம், கப், சாசேஜ். கடைசியாக, முதல் தடவை இல்லாத ஒன்று. உருண்டையாக, பளபளவென்று, மூடியைத் தொப்பியாகச் சாய்த்துப் போட்டுக்கொண்டு.

"ஏய், நம்ம டப்பா மாதிரியே இல்ல?" என்றான் சபரி.

மாதிரி இல்லை. மூடியின் இடது ஓரத்தில் நசுங்கல் இருந்தது. போன வருஷம் சிங்க்கில் போட்டு அவளே நசுக்கியது. வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக்கடையில் கல்யாணச் சீருக்கு வெட்டிக் கொடுக்கிற அதே எழுத்து. வி. ஷ்யாமளா. டெக்ஸஸ் வயல்காட்டில், நாலு மாடி உயரத் திரையில், தமிழில். டப்பா வாசலில் நின்றது. கையாட்டியது. உள்ளே போனது.

"பேர் பாத்தியா?" என்றாள் ஷ்யாமளா. சபரி போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பேர் என்று கேட்டான்.

அவள் பின்பக்கம் எட்டிப் போர்வைக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்தாள். கையில் எடுத்தபோதே கனம் இல்லை. திறந்தாள். காலையில் அவள் அடைத்து அமுக்கி வைத்த அரைப்படிச் சாதம் இல்லை. ஒரு பருக்கை இல்லை, ஒரு வேர்க்கடலை இல்லை, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. துலக்கிக் கவிழ்த்து வைத்த பாத்திரமாக உள்ளே மின்னியது. மூக்கருகே கொண்டுபோனாள். வெண்ணெய் வாசனை.

"மாளு, இதை நீ சாப்டியா?"

"நோ."

"கீழ கொட்டிட்டியா? சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்."

"ஐ டிட்ன்ட் டச் இட், அம்மா." மாளவிகாவின் கண் திரையை விட்டு நகரவில்லை. அவள் கால் மட்டும் அந்த மெட்டுக்கு ஏற்ப முன்சீட்டின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. தட், தட், தட்டட். ஷ்யாமளா ரேடியோவை அணைத்தாள். மெட்டு நிற்கவில்லை. குழந்தை முணுமுணுக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். மாளவிகாவின் வாய் மூடித்தான் இருந்தது. மூடிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சத்தில் கன்னம் இரண்டும் எண்ணெய் தடவியது போல் மின்னின.

"தே ஆர் சோ ஹேப்பி," என்றாள் மாளவிகா. பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல, "இட் டஸ்ன்ட் ஹர்ட், அம்மா," என்றாள்.

ஷ்யாமளா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கிளம்பலாம் என்றாள். சபரி, ரெண்டாவது படம்தானே மாளு கேட்ட படம், இடைவேளையில் வண்டி எடுக்கக் கூடாதென்று போர்டு இருக்கிறது, பத்து நிமிஷம் பொறு என்றான். சாதம் காணாமல் போனதைச் சொன்னபோது, வீட்டிலேயே வேறு டப்பாவை எடுத்து வந்திருப்பாய் என்றான். குளிருகிறது போலிருக்கிறது என்று ஏ.சி.யைக் குறைத்து வைத்தான்.

"நான் போய் சொல்லிட்டு வந்துடறேன்," என்றாள் ஷ்யாமளா.

"என்னன்னு?"

"சாப்பாடு கொண்டு வந்தோம்னு."

சபரி சிரித்தான். காலி டப்பாவைக் காட்டி என்னத்தைச் சொல்லுவே என்று கேட்டான். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லாம் அந்த ஒரு "நத்திங்"கில் ஆரம்பித்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் விட்டுவிடுவார்கள். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து, மாளவிகாவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஆறு நிமிடம்.

சரளைக் கல்லில் அவர்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இடைவேளையில் ஒரு குழந்தையாவது வெளியே ஓட வேண்டாமா? ஒருவராவது கடைக்குப் போக வேண்டாமா? எல்லாக் கார்களிலும் ஆட்கள் இருந்தார்கள். நேராக உட்கார்ந்து, திரையைப் பார்த்து, சிரித்துக்கொண்டு. கதவுகள் மூடியிருந்தாலும் ஒவ்வொரு காருக்குள்ளிருந்தும் அந்த மெட்டு வந்தது. மாளவிகாவின் கை வேர்வையில் வழுக்கியது. ஷ்யாமளா பிடியை மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் சுடுகிறதோ? ஜுரமாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் டைலினால் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். திங்கட்கிழமை ஸ்கூலுக்கு லீவு சொல்ல வேண்டும். திங்கட்கிழமையைப் பற்றி நினைத்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது.

நாலு நிமிடம். அவள் திரையைப் பார்க்கவில்லை.

கேட்டுக் கூண்டில் கிழவன் இருந்தான். அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். பொய் சொல்லிவிட்டோம், மன்னிக்க வேண்டும், சாப்பாடு கொண்டுவந்தோம், வீட்டில் செய்தது, இதோ டப்பா. கிழவன் டார்ச்சை டப்பாவுக்குள் அடித்தான். நிதானமாக, மரியாதையாகப் பார்த்தான். ஒன்றும் இல்லையே மேடம் என்றான்.

இருந்தது என்றாள். காலையில் நானே செய்தேன்.

கிழவன் கார்பன் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவர்கள் கார் நம்பர். அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் ஒரே ஒரு வரி. வெளியிலிருந்து வந்தது எதுவும் இல்லை. நான் மூன்று தடவை கேட்டேனே மேடம் என்றான். அப்படியானால் காரில் இருப்பதெல்லாம் எங்களுடையதுதானே?

"இது என் பொண்ணு," என்றாள் ஷ்யாமளா. தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னாள். இவளை நான்தான் கொண்டுவந்தேன். வெளியிலிருந்து. இவள் உங்களுடையவள் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். மாற்றி எழுதுங்கள்.

கிழவன் கூண்டிலிருந்து எட்டி, அவளுக்குப் பக்கத்தில், கீழே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். கேட்டில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு கவுண்டரில் இருந்த பெட்டியிலிருந்து இரண்டு பேப்பர் நாப்கின்களை உருவி ஷ்யாமளாவிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. திரும்பினாள்.

ஒரு நிமிடம்.

பொட்டலம் போயிற்று. கப் போயிற்று. சாசேஜ் போயிற்று. டப்பா போயிற்று.

கடைசியாக ஒரு சின்னப் பெண். இரட்டைப் பின்னல். மஞ்சள் கவுன். இன்று மாலை ஷ்யாமளா போட்டுவிட்டது. கன்னம் மின்னியது. இடது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, யாரோ பெரியவர் பிடித்திருப்பது போல. அந்தப் பக்கம் யாரும் வரையப்பட்டிருக்கவில்லை. வாசலில் நின்றாள். கார்களைப் பார்த்தாள். வலது கையை ஆட்டினாள்.

மெட்டு நின்றது.

"மாளு," என்றாள் ஷ்யாமளா.

கைக்குள் இன்னும் இருந்தது. சின்னதாக. நல்ல சூடாக. கனமே இல்லாமல். குனிந்து பார்க்கக் கூடாது. பார்க்காத வரைக்கும் அது மாளுவின் கை. இதோ, பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். விடவில்லையே.

விடாமல், இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கைக்குள் அது மொறுமொறுவென்று நொறுங்கியது. விரல் இடுக்கு வழியாக வெதுவெதுப்பாக வெண்ணெய் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, வளையல்களை நனைத்தது.