காணாமல் போன ஓட்டை

மனிதகுலம் இதுவரை செய்த பிழைகள் அனைத்தும் காகிதத்தால் வந்தவை. டேப்லெட் வந்தபின் பிழை என்பதே ஒழிந்துவிட்டது. கூரை ஆய்வாளன் சபரி, சாகண் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தகரக் கூரைமேல் நின்று, சிரிக்காமல் இதை அறிவித்திருந்தான். அது போன வாரம்.

இன்று காலை பத்தரைக்கு அதே கூரையில் ஓர் ஓட்டையைக் காணவில்லை.

டேப்லெட்டில் ஓட்டையின் படம் இருந்தது. வரைபடத்தில் சபரி குத்திய சிவப்புப் புள்ளி இருந்தது. புள்ளி காட்டிய இடத்தில் புத்தம்புதிய ஒட்டும் இருந்தது. ஆனாலும் நேற்றைய மழை மொத்தமும் கீழே இயந்திரத்தின் தலையில். தண்ணீர் இரும்புச் சட்டத்தோடு ஓடி எங்கோ சொட்டும் என்பதால் கீழிருந்து தேடிப் பயனில்லை.

மேலாளர் ஸ்வாமிநாதன் தீர்ப்பே சொல்லிவிட்டார்: ஒட்டுப் போடும் யூசுஃப், ஏணிக்குப் பக்கத்தில் வசதியாக ஒட்டிவிட்டு ஏமாற்றியிருக்கிறார். மதியத்துக்குள் அவருடைய கேட் பாஸ் பறிபோகும். ஒரு கம்பெனி துரத்தினால் சாகண் முழுக்கக் கதவைச் சாத்தும்.

விசாரணையை ரோஹிணி எடுத்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவள் சபரிக்கு மேலதிகாரி. வீட்டிலும் நிலவரம் அதுவே. வெயிலில் திரை தெரியாதென்று, துப்பட்டாவைத் தலையோடு டேப்லெட்டுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்வாள். ‘கல்யாணப்பெண் முக்காடு’ என்று சபரி கூரைக்குக் கூரை கேலி செய்துவந்தான்.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“யூசுஃப் பாய், ஒட்டும்போது இங்க ஓட்டை இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் ஒட்டினீங்க?”

யூசுஃப் தயங்கினார். “தம்பி குத்தின புள்ளியாச்சே. என் கண்ணுக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சேன்.”



ரோஹிணி படத்தைப் பெரிதாக்கி அவனிடம் காட்டினாள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட நிழல் ஒன்று நீண்டு கிடந்தது.

“இது யாரு?”

“நான்தான். காலைல எடுத்தது.”

“வரைபடத்துல மேல் பக்கம் என்ன?”

“கேட். கிழக்கு.”

“காலைல நிழல் உனக்கு முன்னாடி விழுந்தா, நீ எந்தப் பக்கம் பாத்து நின்ன?”

சபரி நிழலை உற்றுப் பார்த்தான். வெயிலில் திரை தெரியாதென்று சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். அவன் திரும்பினான், வரைபடம் திரும்பவில்லை. கண்ணெதிரே மேற்கில் இருந்த ஓட்டையை வரைபடத்தின் மேலே, கிழக்கில் குத்தியிருக்கிறான்.

மூவரும் நேர் எதிர் மூலைக்கு நடந்தார்கள். ஓட்டை சமத்தாக அங்கேயே இருந்தது.

குற்றவாளியின் பெயரை ரோஹிணி சொல்லவில்லை. ஸ்வாமிநாதனின் எண்ணை அழுத்திப் போனை அவனிடம் நீட்டினாள்.

“யூசுஃப் பாய் மேல தப்பில்ல சார். புள்ளிய நான்தான் தலைகீழா குத்திட்டேன்.”

மறுமுனை சொன்னதற்கெல்லாம் சபரி தலையாட்டினான். பாஸ் யூசுஃபிடமே இருக்கட்டும் என்பதில் பேச்சு முடிந்தது. யூசுஃப் தோளில் கிடந்த துண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒட்டக் குனிந்தார்.

புதுப் புள்ளி குத்த வேண்டும். சபரி கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றான். திரையில் வானம்தான் தெரிந்தது. ரோஹிணி வேறு பக்கம் பார்க்கும்வரை காத்திருந்தான். பிறகு அந்தத் துண்டை எடுத்து, தலையோடு டேப்லெட்டையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டான்.